பேசத் தூக்கிய கை

என் வீட்டுக்காரர் கோதண்டத்துக்கு நாலு பேர் இருக்கும் இடத்தில் பேச வராது. பேச வேண்டுமென்றால் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்குவார். யாராவது "சொல்லு" என்றால்தான் வாய் திறப்பார். கல்யாணப் பந்தியில் ரசம் கேட்கக்கூடக் கை தூக்கிய மனுஷன். இவரைத்தான் எங்கள் வாய்க்கால் கமிட்டிக்கு அனுப்பினார்கள். மற்றவர்களுக்கு நேரமில்லையாம்.

எண்ணூர் பக்கம் நெல்லா என்று திருவொற்றியூரில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், விளைகிறது. வாய்க்கால் உப்பங்கழியில் விழும் இடத்தில் ஒரு ஷட்டர் இருக்கிறது. கடல் ஏறும்போது உப்புத் தண்ணீரை அதுதான் தடுக்கிறது. அதை ஒட்டிய பள்ளமான நிலம் எங்களுடையது. ஒரு தடவை உப்பு ஏறினால் வருஷக்கணக்கில் ஒன்றும் முளைக்காது. இத்தனை காலம் அதிகாரிகள் தாங்களாகவே திறந்தார்கள், மூடினார்கள். இந்த வருஷம்தான் எங்களையும் உட்கார வைத்து முடிவெடுப்பது என்று ஆனது.

மழையில் காலனி வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. வடிய வேண்டுமென்றால் ஷட்டரைத் திறக்க வேண்டும். அதற்கு நாங்கள் மறுப்புச் சொல்லவில்லை. கூட்டத்துக்கு முந்தின நாளே அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

"கடலு ஏறசொல்லோ மட்டும் மூடுங்க சார், அவ்ளோதான். இத்த சொல்றதுக்கு இன்னாய்யா பயம்?"

"சொல்றேன் பூவம்மா. தொணதொணன்னு பேசிகினு இருக்காத."

கூட்டம் பள்ளிக்கூடத்தில் நடந்தது. நான் வெளியே ஜன்னலோரம் நின்றேன். தகரக் கூரையில் மழை கொட்டியதில் உள்ளே பேசியது எதுவும் கேட்கவில்லை. பொறியாளர் அருள்நாதன் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் என் வீட்டுக்காரர் கை தூக்கினார். அப்பாடா, பேசப் போகிறார் என்று எனக்கு வயிறு குளிர்ந்தது. பின்னாலேயே எல்லோரும் கை தூக்கினார்கள், அப்புறம் கை தட்டினார்கள். அவர் கேட்டது கிடைத்துவிட்டது என்று நினைத்து, சந்தோஷமாக வீட்டுக்குப் போய் மீன் குழம்பு வைத்தேன்.

அவர் சாப்பிடவில்லை. "சொன்னியா?" என்றதற்குத் தலையை மட்டும் ஆட்டினார்.

காலையில் வயலுக்குப் போனால், பால் பிடித்த கதிர்வரை தண்ணீர் நிற்கிறது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

விஷயம் தெரிந்து அருள்நாதன் சாரே வந்தார். ஷட்டரை உடனே மூடச் சொல்லி போன் செய்தார். பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு வரப்பில் இறங்கி எங்களோடு நின்றார். அவரைத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை.

"ரெண்டு நாளைக்கு மூடாம முழுசா திறந்து வைக்கலாம், சம்மதம்னா கை தூக்குங்கன்னு கேட்டேன். முதல்ல உங்க கைதானே இருந்தது?"

"நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே தூக்கினேன் சார். பேசறதுக்கு."

"அப்பவே சொல்லியிருந்தா கடல் ஏறும்போது மூடியிருப்போமே."

என் வீட்டுக்காரர் பயிரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அல்லாரும் ஒரே மன்சா முடிவெட்த்துட்டோம்னு கை தட்னாங்கோ. நீங்களே எய்ந்து வந்து என் கையப் புட்ச்சி குலுக்கினீங்கோ. இத்தினி வருசத்துல ஒரு ஆபீசரும் என் கையத் தொட்டதில்ல சார். அந்த நேரத்துல போயி, இல்லன்னு எப்டி சொல்றது?"

என் வீட்டுக்காரரை உண்டு இல்லை என்று ஆக்கத்தான் காத்திருந்தேன். வந்த கோபமெல்லாம் அழுகையாகிவிட்டது. ஷட்டரை மூடியாகிவிட்டது என்று சாருக்கு போன் வந்தது. உள்ளே வந்த உப்பு உள்ளேயே நின்றது.