காதோரம் வந்த பந்து

"இங்க பாரு, இங்கதான் போகுது நேரம்," என்று புருஷன் போன ஆட்டத்தின் கைப்பேசிப் படத்தை நிறுத்தினான். சாப்பிட்ட தட்டுகள் மேஜையிலேயே காய்ந்துகொண்டிருந்தன. திரையில் அவள், வீசுகிற பந்தைப் பிடிக்கும் பேஸ்பால் கேட்சர், பேட்டருக்குப் பின்னால் குந்தியிருந்தாள். பந்து அவள் கிளவுஸுக்குள் விழுந்தாயிற்று. எதிரணிக்காரி ஒருத்தி முதல் பேஸிலிருந்து இரண்டாவது பேஸுக்குத் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தாள். இந்த மகராசியோ குனிந்து கிளவுஸுக்குள் பார்க்கிறாள், பந்து இருக்கிறதா என்று! விழுந்த பந்து பின்னே எங்கே போய்விடும்? பார்த்து, எடுத்து, அவளை அவுட்டாக்க இரண்டாவது பேஸுக்கு எறிவதற்குள் ஓடினவள் போய்ச் சேர்ந்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

அணித்தலைவி பள்ளிக்கூட டீச்சர், எதையும் மென்று விழுங்கத் தெரியாதவள். "ஞாயித்துக்கிழமையும் இப்படி ஒருத்திய விட்டீங்கன்னா கேட்சருக்கு வேற ஆள்தான்க்கா. கோச்சுக்காதீங்க," என்று சொல்லிவிட்டாள். அவளுக்குக் கோபமில்லை, அழுகைதான் வந்தது. நாளெல்லாம் மருந்துக்கடையில் நின்று மருந்து எடுத்துக் கொடுக்கிறவளுக்கு, அடுத்து எந்த மாதிரிப் பந்து வீசுவது என்று மைதானம் முழுவதும் தன் விரல் அசைவுக்காகக் காத்திருக்கிற இடம் அது ஒன்றுதான். ஆறு வருஷமாக முட்டி தேய உட்கார்ந்த இடம்.

அன்றிலிருந்து தினமும் வீட்டு நடையில் பயிற்சி. புருஷன் காலுறையைச் சுருட்டி வீசுவான். அவள் பிடித்ததும் இரண்டு கையும் சேர்ந்து வலது காதருகே போகவேண்டும், போகிற வழியிலேயே கை பந்தை எடுத்துவிடவேண்டும், கண் எதிர்ச் சுவரைவிட்டு நகரக்கூடாது. நகர்ந்தது. இருபது தடவையும் நகர்ந்தது.

"நான் கியர் மாத்தறப்போ குனிஞ்சு கியரையா பாக்கறேன்? பாத்தா பஸ்ஸு பள்ளத்துலதான் கெடக்கும்," என்றான் டிரைவர் புருஷன்.

"நீங்க தப்பா போட்டா வண்டி உறுமும், அவ்ளோதான். நான் பாக்காம குடுத்தா..."

அவன் காலுறையை மறுபடி சுருட்டினான். மூன்று வருஷத்துக்கு முன் கடையில், ஒரே மாதிரி இரண்டு மருந்து டப்பா. கூட்ட நேரத்தில் ஒன்றுக்கு மற்றொன்றைக் கொடுத்துவிட்டாள். வாங்கிப்போன பெரியவர் மயங்கி விழுந்து இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நல்லவேளை, பிழைத்து வந்து, "யானைக்கும் அடி சறுக்கும்மா," என்று அவரே சமாதானம் சொன்னார். அன்று முதல் கையைவிட்டுப் போகிற எதையும் அவள் பார்க்காமல் விடுவதில்லை. சூடு கண்ட பூனை. வீட்டில் உப்பு டப்பாவைக்கூடத் திறந்து பார்ப்பாள். அணியில் அவளுக்குப் பெயரே 'செக்கிங்'.

"கடையில பத்து தடவ பாரு, யார் வேணாங்கறா?" என்றான் அவன். "இது பந்துடி. தப்பா எறிஞ்சா யாரும் மயங்கி விழமாட்டாங்க."

வியாழக்கிழமைக்குள் கண் சுவரிலேயே நிற்கப் பழகிவிட்டது. வெள்ளிக்கிழமை வந்தது வினை. கடையில் ஒரு அம்மாளுக்கு மாத்திரையை நீட்டி, அவர் தெருவில் இறங்கிப் போன பிறகுதான் உறைத்தது: கொடுக்கும்போது பார்க்கவில்லை. கல்லாவை அப்படியே விட்டுவிட்டு இரண்டு தெரு ஓடினாள்.

"சரியாத்தானேம்மா இருக்கு? என்னாச்சு?" என்று அந்த அம்மாள் பையை விரித்துக் காட்டினார். சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் அன்று மாலை காலுறைகளை மடித்து அலமாரியில் வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை. பார்த்துத்தான் எறிவேன், இடம் போனால் போகட்டும் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டுதான் குந்தினாள். மூன்றாவது பந்துக்கு முதல் பேஸ்காரி ஓட்டம் பிடித்தாள். "போறா! போறா!" என்று பக்கத்திலிருந்து கூச்சல். பந்து கிளவுஸில் அறைந்த சத்தம்தான் அவளுக்குக் கேட்டது. அடுத்து காதருகே ஏதோ உரசியது, கால் தானாக முன்னே போயிருந்தது, தோள்பட்டை சுளீரென்றது.

மைதானத்தில் எல்லோருடைய தலையும் இரண்டாவது பேஸ் பக்கம் திரும்பியது. புழுதி கிளம்பியது. அவள் மட்டும் அங்கே பார்க்கவில்லை. மெல்லக் குனிந்து கிளவுஸைப் பிரித்துப் பார்த்தாள். காலியாக இருந்தது.