இடது கன்னத்தில் கொஞ்சம் கூடுதலாக

...ஒரே அளவில் வைத்தால் பொய் என்று தெரிந்துவிடும், ஒன்று கடுகளவு, ஒன்று அதைவிடப் பொடியாக, ஒன்று இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி, வைத்த கையோடு விரல் நுனியால் ஒற்றினால் நிறம் தோலுக்குள் இறங்கினாற்போல மங்கும், மூக்கின்மேல் நெருக்கமாக, கன்னத்தில் போகப்போகச் சிதறலாக, இடது கன்னத்தில் கொஞ்சம் கூடுதலாக... ஏன் இடது கன்னத்தில்? விளம்பரத்தில் நடிக்கிற மானசா கண்ணை மூடி முகத்தைக் கொடுத்திருக்கிறாள், ஒரு பருகூட வந்திராத தோல், இதில் நான் தவிட்டு நிறப் புள்ளிகளை வரைவேன், மதன்குமார் படம் எடுப்பார், பிறகு எல்லாவற்றையும் கழுவிவிட்டு இன்னொரு படம், க்ரீம் பூசுமுன், பூசியபின். போன தடவை எடுத்த விளம்பரம் நன்றாக ஓடுகிறதாம், அதனால்தான் மறுபடியும் இந்தச் சரவணம்பட்டி ஸ்டுடியோவுக்கு வரச் சொன்னார்கள். அன்றைக்கு எப்படி வைத்தும் சரியாக வரவில்லை, “என்னங்க்கா, அம்மை போட்டாப்ல இருக்குது” என்று மதன்குமார் சிரித்தார், எனக்கு ரோஷம், சட்டென்று என் நாத்தனார் புவனாவின் முகம் நினைவுக்கு வந்தது, சின்னதிலிருந்து அவள் முகத்தில் இருக்கிற புள்ளிகள், அவற்றை அப்படியே எடுத்து வைத்தேன்... எடுத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும், கேட்காமல்.

கல்யாண மேக்கப்புக்குப் போவதாகத்தான் வீட்டில் சொல்லியிருந்தேன். அவள் விளம்பரத்தைப் போனில் பார்த்துவிட்டுச் சமையலறைக்கு ஓடி வந்தாளே, “அண்ணி, இங்க பாருங்க, இந்தப் புள்ளைக்கும் என்ற மொகத்தாட்டவே புள்ளி இருந்திருக்குதுங்க, எப்படிப் போயிருச்சு பாருங்க!” அப்போதே சொல்லியிருக்கலாம். கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன், “வெளம்பரம்னா அப்படித்தான் கண்ணு” என்றேன், அதில் உண்மை இருந்தது, நான் ஒளிந்துகொள்ளப் போதுமான அளவு. அவள் க்ரீமை வரவழைத்துவிட்டாள்.

இதோ போன், புவனாதான். “அண்ணி, வேலையா இருக்கீங்களா? கன்னமெல்லாம் செவந்து போயி எரியுதுங்க. ஞாயித்துக்கெழம மாப்ள ஊட்டுக்காரங்க பொண்ணு பாக்க வாராங்கல்லங்க... எரிஞ்சாத்தான் வேல செய்யுதுன்னு அதுலயே போட்டிருக்குதுங்க, உடாம போடட்டுங்களா?” கையில் ப்ரஷ் காய்கிறது. போடாதே, அது நான் வரைந்தது, அந்தப் பெண்ணுக்குப் புள்ளியே கிடையாது, உன்னுடையதைத்தான்... நாக்குவரை வந்தது, மானசா ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள், “இன்னைக்கு ஒரு நாள் போடாம இரு கண்ணு, ஊட்டுக்கு வந்து பாக்கறேன்” என்றேன். ஒரு நாள்! யாருக்காக அந்த ஒரு நாள், அவள் தோலுக்கா, இந்தப் படம் எடுத்து முடிவதற்கா? “செரிங்க அண்ணி, நீங்க சொன்னாச் செரியாத்தான் இருக்கும்.” இதைவிட அவள் திட்டியிருக்கலாம்.

“யாரப் பாத்துங்க்கா போடறீங்க? ஒரு போட்டோகூட வெச்சுக்கலியே” என்கிறாள் மானசா. “பேசாத அம்மணி, கன்னம் அசையுது.” லைட் தயார் என்று மதன்குமார் குரல் கொடுக்கிறார். இந்தத் தடவையாவது இடம் மாற்றி வைக்கலாம், அதற்குப் புவனாவுக்கு எங்கெங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமே, கண்ணை மூடி அவளை நினைக்கிறேன்... புள்ளிகள் வருகின்றன, மூக்கின்மேல், கன்னத்தில், காதோரம் தனியாக ஒன்று, எல்லாம் தத்தம் இடத்தில். அவற்றுக்கு நடுவே அவள் கண்கள் வரவில்லை. இன்னும் இறுக்கி மூடிப் பார்க்கிறேன், வரவில்லை. இத்தனை வருஷமாக அவள் என்னோடு பேசும்போதெல்லாம் நான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன்... அது அவளுக்குத் தெரிந்திருக்குமோ, இந்த விளம்பரம் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே?