போயிட்டு வாங்க

"கதவைத் திற" என்றேன்.

"சாத்தணும்" என்றார் கணவர். நான் பேசாமல் இருந்தேன். எழுந்து போய்ச் சாத்திவிட்டு வந்தார். எனக்கு வேண்டியதும் அதுதான். வெளியே யாரோ சாலையைக் கொத்திக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் காதோடு நிற்காமல் பல் வரைக்கும் வந்துகொண்டிருந்தது.

என் வாய் எதிர்ச்சொல் பேசுகிறது. எந்நேரமும் இல்லை, களைத்துப்போனால் பேசும். மேலே என்று நினைத்தால் கீழே என்று வரும், எடு என்று நினைத்தால் போடு என்று வரும். கோபமாக இருக்கும்போது ஒரு சொல்கூடப் பிசகுவதில்லை, மனசு இளகினால்தான் எல்லாம் தடம் புரள்கிறது. நரம்பு மருத்துவர் இதற்கு நீளமாக ஒரு பெயர் சொன்னார், அதை நினைவில் வைத்துக்கொள்ளும் நிலையில் இருந்தால் நான் ஏன் அவரிடம் போகிறேன்? எழுதும்போது பரவாயில்லை, அடித்துத் திருத்தலாம். இந்தப் பத்தியை எத்தனை தடவை அடித்தேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

எல்லாம் ஓர் உண்ணியால் வந்த வினை. எள்ளில் பாதி இருந்திருக்கும், நான் அதைக் கண்ணால் பார்க்கவே இல்லை. முழங்காலுக்குப் பின்னால் வட்டமாகச் சிவந்ததையும் பார்க்கவில்லை. தன் முழங்காலுக்குப் பின்பக்கத்தை யார் பார்க்கிறார்கள்? அதன் பிறகு காய்ச்சல், மூட்டுவலி, முகத்தில் ஒரு பக்கம் தொங்கல். ஒருவர் வாதம் என்றார், இன்னொருவர் மன அழுத்தம் என்றார், மூன்றாமவர் கொஞ்சம் நடைப்பயிற்சி போகச் சொன்னார். நாளெல்லாம் காட்டில் நடந்து வேலை செய்தவளிடம்! லைம் நோய் என்று கண்டுபிடிக்க இரண்டு வருஷம் ஆனது. ஆட்டையும் நாயையும் கடிக்கிற உண்ணி உன்னை எதுக்குக் கடிச்சது என்று மாமியார் கேட்டார். பக்கத்து வீட்டுக்காரி நோயின் பெயரைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு எலுமிச்சம்பழம் கொடுப்பதை நிறுத்திவிட்டாள்.

மருந்தெல்லாம் ஏற்றி முடித்த பிறகு மருத்துவர் ஒளிக்காமல் சொன்னார். "கிருமி போயிருக்கும்மா. ஆனா ரொம்ப நாள் உள்ள இருந்துட்டுப் போயிருக்கு. அது கெடுத்தது எவ்வளவு ஆறும்னு என்னால சொல்ல முடியாது." அது நடந்து ஐந்து வருஷம் ஆகிறது. காலையில் கண் விழித்து ஒன்றரை மணி நேரம் ஆனால்தான் முட்டி மடங்கும். குளிக்கும் இடத்தில் ஒரு நாற்காலி. ஒரு நாளைக்கு ஒரு பெரிய வேலைதான், குளித்தால் சமையல் இல்லை, சமைத்தால் குளியல் இல்லை. அதை மீறினால் மூன்று நாள் படுக்கை. வெயில் வந்தால் திரையை இழுத்துவிட வேண்டும். சட்டைப் பொத்தான் போட விரல் ஒத்துழைக்காத நாட்களில் கணவர் போட்டுவிடுவார், நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அவர் என்னிடம் வேலை பார்த்தவர். நான் நில அளவைத் துறையில் சர்வேயர், அவர் அளவுகோல் பிடிப்பவர். கல்யாணமாகியும் 'மேடம்' என்று கூப்பிடுவதை விடவில்லை. முதலில் மரியாதைக்கு, பிறகு கிண்டலுக்கு. நானும் அவர் வீட்டார் முன்னால் 'நீங்க' என்பேன், அவர்கள் தலை மறைந்ததும் 'நீ'. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் சொன்ன அளவை மற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொன்னது தவறென்றால் முதலில் சொன்னவர் 'தப்பு' என்று கத்த வேண்டும். கத்தாவிட்டால் சரி என்று பொருள், எண் அளவைப் புத்தகத்தில் ஏறிவிடும். வீட்டிலும் இப்போது அதுதான் நடக்கிறது. என் வாய் என்ன உளறினாலும் நான் நினைத்ததை ஊகித்து அவர் திருப்பிச் சொல்வார், நான் பேசாமல் இருந்தால் செய்துவிடுவார்.

பத்தொன்பது வருஷம் நான் அளவைக் கருவிக்குப் பின்னால் நின்றேன், அவர் கோலோடு இருநூறு மீட்டர் தள்ளி நின்றார். கருவி வழியாகப் பார்த்தால் அவர் மூக்கின் வேர்வைகூடத் தெரியும். கண்ணை எடுத்தால் புல்லுக்கு நடுவில் விரல் உயரத்துக்கு ஒரு மனிதர். இப்போது காலையில் அலுவலகத்தில் பழைய வரைபடங்களை அடுக்கிவிட்டு ஒரு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுகிறார். அதற்குப் பிறகு கை நீட்டினால் தொடுகிற தூரத்திலேயே இருக்கிறார். எனக்கு அவரைத் தூரத்தில் பார்க்க வேண்டும். அவ்வளவு ஏக்கமாக இருக்கிறது. வெளியில் சொன்னால் புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ சண்டை என்று நினைப்பார்கள்.

போன வாரம் 'தொப்பி' பேசினார். எங்கள் மேலதிகாரி, அறைக்குள்ளும் தொப்பியைக் கழற்றாதவர். எனக்கும் கேட்கட்டும் என்று கணவர் போனை மேசைமேல் வைத்தார்.

"அந்த வடக்கு எல்லைய முடிக்கச் சொல்லி உத்தரவு வந்திருக்குப்பா. நீயும் மேடமும் விட்டுட்டு வந்தீங்களே, அதே காடு. பதினோரு எல்லைக்கல்லு. எது எங்க புதைஞ்சு கெடக்குன்னு உனக்குத்தான் தெரியும். ஆறு நாள் வேலை."

"இல்ல சார், வேற ஆளப் பாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அந்தக் காட்டில்தான் எனக்குக் கடி விழுந்தது. பதினோரு கல் பாக்கி இருக்கும்போது காய்ச்சலோடு என்னைத் தூக்கி வந்தார்கள். ஏழு வருஷமாக அந்த எல்லைக்கோடு வரைபடத்தில் பாதியில் நிற்கிறது. போனை வைத்துவிட்டு அவர் பாத்திரம் கழுவப் போனார். வழக்கமாகப் பாத்திரம் கழுவினால் வீடே அதிரும், அன்றைக்கு ஒவ்வொரு தட்டையும் அவ்வளவு மெதுவாக வைத்தார். அவருக்குப் போக ஆசை என்று எனக்கு அதிலேயே தெரிந்துவிட்டது.

"ஏன் மாட்டேன்னு சொன்ன?"

"முடியாது, அதான்."

"ஆறு நாள்ல நான் ஒண்ணும் செத்துட மாட்டேன்."

"முட்டி வீங்கினா உன்ன யாரு தூக்கி உக்கார வைப்பா?"

"உன் தங்கச்சிய வரச் சொல்லு."

"அவளா? வாய மூட மாட்டா. உனக்குத் தலை வலிக்கும்."

"உன்னோட தியாகி வேஷத்தப் பாத்துப் பாத்துத்தான் எனக்குத் தலை வலிக்குது. அஞ்சு வருஷமா என் மொகத்தப் பாத்து உக்காந்திருக்க. உன் மொகம் எப்படி இருக்குன்னு பாத்தியா? நோய் எனக்கா உனக்கா?"

எல்லாச் சொல்லும் கச்சிதமாக வந்தன. அவர் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு தங்கைக்குப் போன் செய்தார்.

கிளம்புவதற்கு இருந்த ஐந்து நாளும் அவரைப் பாடாய்ப் படுத்தினேன். வெளிர் நிறப் பேன்ட்டாக எடுத்து வைக்கச் சொன்னேன், உண்ணி ஏறினால் கறுப்பாகத் தெரியும். பேன்ட்டின் நுனியைக் காலுறைக்குள் சொருகிக்கொள்ள வேண்டும். பூச்சி மருந்தைச் சட்டைக்கும் காலணிக்கும் அடிக்க வேண்டும். கூடாரத்துக்குத் திரும்பியதும் அக்குள், இடுப்பு, காதின் பின்புறம், தலைமுடி, முழங்காலின் பின்பக்கம் எல்லாவற்றையும் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். ஒட்டியிருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும், திருகக் கூடாது, சுடக் கூடாது. எங்காவது சிவந்தால், காய்ச்சல் வந்தால், அன்றைக்கே மருத்துவர். எல்லாவற்றையும் எழுதி அவருடைய அளவைப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒட்டினேன்.

"எனக்கும் உண்ணிக்கும் என்ன பகை மேடம்?"

"எனக்கு மட்டும் இருந்துச்சா?"

அவர் சிரிக்கவில்லை. இரண்டாம் முறை முழுக்கப் படித்தார். அவருடைய காலணியில் நான் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன், அன்றைய பெரிய வேலை அதுதான். தோல் வாசனை வந்ததும் எனக்கு அந்தக் காட்டின் ஈரமும் சருகும் கருவியைத் தாங்கும் முக்காலியின் இரும்புக் குளிர்ச்சியும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. போகிறவள் நானாக இருந்திருக்க வேண்டும். பதினோரு கல்லில் ஒரு கல்லையாவது நான் தேடி எடுக்க வேண்டும். பொறாமையாக இருந்தது. அவரை விட்டு ஆறு நாள் இருக்க வேண்டுமே என்ற பயமும் அதனோடு சேர்ந்துகொண்டது.

ஆனாலும் நல்லபடியாக வழியனுப்ப வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். முகம் சுருங்கினால் மனுஷன் பையை இறக்கி வைத்துவிடுவார், சாக்குக் கிடைக்காதா என்றுதான் இருக்கிறார். கதவில் நின்று 'போயிட்டு வாங்க' என்று தெளிவாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். உலகத்தில் எல்லாப் பெண்டாட்டிகளும் தினமும் சொல்வது. ஆனால் அதில் போவதும் இருக்கிறது, வருவதும் இருக்கிறது, என் வாய்க்கு வெல்லம் மாதிரி. குளியலறை நாற்காலியில் உட்கார்ந்து பழகிப் பார்த்தேன். "வந்துட்டுப் போங்க" என்று வந்தது. விருந்தாளியை அழைக்கிற மாதிரி. மறுபடியும் சொன்னேன், மறுபடியும் விருந்தாளி. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. கிளம்புகிறவர் 'வரேன்' என்று சொல்கிற ஊரில் என் வாயை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்? நாலாம் நாள் பத்துக்கு ஏழு தடவை சரியாக வந்தது.

நாத்தனார் முந்தின நாள் மாலை வந்து சேர்ந்தாள். இரண்டு பை, ஓயாத பேச்சு, தங்கமான மனசு. என் வாய் மாறும் என்று அண்ணன் விளக்கிச் சொல்லியும் அவளுக்கு எங்கள் வீட்டுப் பாஷை பிடிபடவில்லை. "திரையை விலக்கு" என்று என் வாய் சொன்னதும் அப்படியே சர்ரென்று விலக்கினாள். வெயில் நேராகக் கண்ணில் குத்தியது. "நீங்கதான அண்ணி சொன்னீங்க?" என்றாள். சொன்னதுதான்.

கிளம்பும் நாள் ஏழு மணிக்கு ஜீப் வருவதாக ஏற்பாடு. ஐந்தரைக்கே எழுந்து முட்டியை மடக்கி நீட்டித் தயார் செய்தேன். ஊன்றுகோல் இல்லாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் வெளிர் பேன்ட்டைக் காலுறைக்குள் சொருகி, பையைத் தோளில் மாட்டி, படியிறங்கித் திரும்பினார். வயது பத்து குறைந்திருந்தது. அந்த முகத்தை நான் ஏழு வருஷமாகப் பார்க்கவில்லை.

"வரட்டுமா மேடம்?"

வாயைத் திறந்தேன்.

"போகாத" என்றேன்.

நாத்தனார் முன்னால், 'நீங்க' கூட இல்லாமல். அது மாறி வந்த சொல் இல்லை. மாறி வரும் சொல் என்னைக் கேட்காமல் நாக்கிலிருந்து வழுக்கும், காதில் விழுந்த பிறகுதான் எனக்கே தெரியும். இது வயிற்றிலிருந்து கிளம்பும்போதே எனக்குத் தெரியும். ஐந்து நாளாக அமுக்கி வைத்திருந்ததுதான். உண்மையாகவே போகாதே என்றுதான் சொன்னேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. மேடம் முகம் கோணாமல் அனுமதி கொடுத்துவிட்டார் அல்லவா?

"போகணும்" என்று திருப்பிச் சொன்னார். சொல்லிவிட்டு, காட்டில் கோலைப் பிடித்துக்கொண்டு நிற்பாரே, அப்படியே காத்து நின்றார்.

'தப்பு' என்று நான் கத்த வேண்டும். பத்தொன்பது வருஷத்தில் ஒரு தவறான எண்ணைக்கூட நான் புத்தகத்தில் ஏற விட்டதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. கதவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றேன். அவர் தலையசைத்துவிட்டு விறுவிறுவென்று நடந்து ஜீப்பில் ஏறினார்.

நாத்தனாருக்குத் தாங்கவில்லை. "என்ன அண்ணி, நீங்க போகாதன்னு சொல்றீங்க, அண்ணன் பாட்டுக்கு ஏறி உக்காந்துட்டாரு! மாத்தித்தான் சொன்னீங்களா, நெசமாத்தான் சொன்னீங்களா?"

தெருமுனையில் ஒரு லாரி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. ஜீப் அதற்காக நின்றது.

"இன்னும் அங்கதான் நிக்குது. ஒரு குரல் குடுத்தா கேக்கும். கூப்பிடட்டுமா?"

வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். வேணும் என்று வந்துவிட்டால்? இவள் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள். கையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை மட்டும் இடமும் வலமும் ஆட்டினேன். லாரி விலகியது. ஜீப் திரும்பி மறைந்தது. அதன் சத்தம் முழுக்கத் தேய்கிற வரைக்கும் நான் கையை எடுக்கவில்லை.

பிறகு எடுத்தேன். ஜீப் மறைந்த முனையைப் பார்த்து "வா" என்றேன். மாறாமல், தெளிவாக வந்தது.

"இதோ வந்துட்டேன் அண்ணி" என்று நாத்தனார் ஓடிவந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.