அடக்கமான பெண்

சட்டக் கல்லூரி விண்ணப்பத்தோடு பரிந்துரைக் கடிதம் ஒன்று வைக்க வேண்டும். மாமா ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரிடம் வாங்கி வந்திருந்தார். 'அடக்கமான பெண், எதிர்த்துப் பேசத் தெரியாதவள்' என்று எழுதியிருந்தார், என் முகத்தையே பார்த்திராத அந்த மனிதர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நேராக, நான் முன்பு வேலை பார்த்த தையல் ஆலைக்குப் போனேன். வேலை நேரத்தில் பெண்கள் கழிப்பறையைப் பூட்டிவைத்ததற்காக அங்கே மேனேஜர்மேல் வழக்குப் போட்டு, வக்கீல் இல்லாமல் நானே பேசி ஜெயித்திருந்தேன். அவர் முன்னால் போய் நின்றேன்.

"எம்மேலயே கேஸ் போட்டுட்டு எங்கிட்டயே லெட்டர் கேக்குறியா? என்ன நெஞ்சழுத்தம் உனக்கு!"

"நான் எப்படி வாதாடுவேன்னு உங்களைவிட யாருக்கு சார் தெரியும்?"

முறைத்தார். பேனாவை எடுத்தார்.

வீட்டில் அதைப் படித்த மாமா தலையில் அடித்துக்கொண்டார். "இதையெல்லாம் எவளாவது அனுப்புவாளா? ஜட்ஜ் குடுத்ததை வை."

"அது வேற யாரோ பொண்ணு மாமா" என்றேன். மேனேஜரின் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டினேன்.

அதில் இருந்தது இவ்வளவுதான்: 'சரியான வாயாடி. இரண்டு வக்கீல் வைத்தும் இவளிடம் தோற்றேன். சேர்த்துக்கொள்ளுங்கள். சேர்க்காவிட்டால் அடுத்த கேஸ் உங்கள் மேல்தான்.'