தண்ணீரைத் துடைக்காத குற்றம்

அக்காவின் இரைப்பையிலிருந்து மூன்று துணுக்குகள் பரிசோதனைக்குக் கிள்ளி அனுப்பியிருந்தார்கள். ஸ்லைடில் நான்கு இருந்தன. ஒதுங்கிக் கிடந்த நான்காவதில்தான் புற்றுநோய் செல்கள் என்றார் டாக்டரம்மா.

"நாலாவது எப்படி வந்துச்சு?" என்று கேட்டேன்.

"நீதான் சொல்லணும். ஸ்லைடு போட்டது நீ."

இருபத்திரண்டு வருஷமாக இந்த ஆய்வகத்தில், சதையை மெழுகில் பதித்து, முடியைவிட மெல்லிசாகச் சீவி, வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, ஸ்லைடுக் கண்ணாடியில் ஏந்துகிறவள் நான். ஒருவருடையதைச் சீவி முடித்ததும் தண்ணீரின் மேற்பரப்பைத் துடைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் முந்தினவரின் துணுக்கு அடுத்தவர் கண்ணாடியில் ஏறிக்கொள்ளும். துடைக்காதவர்களை நான் கிழிகிழியென்று கிழிப்பேன். என் முதுகுக்குப் பின்னால் 'துடைப்பக்கட்டை' என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அன்று அக்காவுக்கு முன்னால் சீவியது யாரோ ஒரு பெரியவரின் இரைப்பை. அதிலும் இதே செல்கள்.

"அவரோடதுதான் டாக்டர்! நான் தண்ணியைத் துடைக்கல. பதற்றத்துல மறந்துட்டேன்."

"நீயா மறந்தே?"

"மறந்துட்டேன்னு சொல்றேன்ல!"

கத்திவிட்டேன். துடைத்தேனா இல்லையா, சத்தியமாக நினைவில்லை. துடைக்கவில்லை என்றே இருக்கட்டும். வேலை போகட்டும், ஆளாளுக்குக் காறித் துப்பட்டும். அக்காவின் இரைப்பை தப்பித்தால் போதும்.

"சரி, மறுபடி சீவு," என்றார் டாக்டரம்மா.

வெளியே பெஞ்சில் இருந்த அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். சிரித்தாள். "சின்ன வயசுலேர்ந்து எதுலயும் தப்பே பண்ணாத மகாராணி நீ. இந்த ஒரு தடவை பண்ணித் தொலைச்சிருக்கக் கூடாதாடி?" என்றாள். சிரிப்பு நின்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பயமா இருக்குடி," என்றாள்.

தொட்டியைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவினேன். புதுத் தண்ணீர், புது பிளேடு. அக்காவின் மெழுகு வில்லையை மட்டும் சீவினேன். சாயம் ஏறும்வரை, மூன்று வரட்டும், மூன்றே மூன்று வரட்டும் என்று பைத்தியம்போல் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

வெளியே எடுத்ததும் வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. நான்கு. துணுக்குகளில் ஒன்று வழியிலேயே உடைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அப்போதும் மனசு கேட்கவில்லை. டாக்டரம்மாவைத் தள்ளாத குறையாக மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். அதே செல்கள். உட்கருவை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, மோதிரம் மோதிரமாக உப்பிக்கொண்டு கிடந்தன. நாசமாய்ப் போகிறவை.

"நீ துடைச்சுதாம்மா இருக்கே," என்றார் டாக்டரம்மா மெதுவாக.

நான் கதவைத் திறந்ததும் அக்கா எழுந்தாள்.

"என்னடி? உன் தப்புதானே?"

ஆமாம் என்று சொல்லத்தான் வாய் துடித்தது.

"என் மேல ஒரு தப்பும் இல்லக்கா," என்றேன்.