இளைச்சது எனக்கு

மறைப்பாகக் கட்டியிருந்த போர்வைக்கு வெளியே சைஃப் பாயின் ஈரக் கை நீண்டது. சற்று முன் ரூபீனா எடுத்துக் கொடுத்த சோப்பு அதில் இருந்தது.

"வேற சோப்பு இல்லியாமா? இது இன்னா, நாலு கலர்ல கீது?"

மேற்கு மாம்பலத்து வாடகை வீட்டின் பின்புறம், அந்தப் போர்வைக்கு உள்ளே, பெஞ்சின் மேல் குலாம் ரசூல் கிடந்தார். விடியற்காலை தொழுதுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மய்யித்தைக் குளிப்பாட்ட சைஃப் பாய் இரண்டு பேரோடு வந்திருந்தார். பதற்றத்தில் மகள் ரூபீனா, அப்பாவின் டப்பாவில் இருந்த சோப்பையே நீட்டிவிட்டாள்.

ரசூலின் அக்கா உம்மே ஹானி அதைப் பார்த்துவிட்டாள்.

"கஞ்சூஸ்! கடைசிக் குளியலுக்குக்கூட ஒட்டுச் சோப்பா? ராயப்பேட்டை சொந்தம் பூரா பேசப் போவுது."

"ஆபா, அவர அப்படிச் சொல்லாதீங்க" என்றாள் ரசூலின் மனைவி அஸ்மத்துன்னிசா. அழுது அழுது அவள் குரல் கம்மியிருந்தது. சோப்பைக் கையில் வாங்கினாள்.

பச்சை, மஞ்சள், வெள்ளை, அடியில் கொஞ்சம் ரோஜா நிறம். எல்லாமே அவள் தேய்த்துப் போட்டவை. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். அவளுடைய சோப்பு விரலுக்கு நழுவுகிற அளவு மெலிந்ததும் ரசூல் வந்து நிற்பார்.

"இளைச்சிடுச்சில்ல? குடு. இளைச்சது எனக்கு. நீ புதுசு எடுத்துக்க."

அதை நனைத்துத் தன்னுடைய கட்டியின் மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்துவார். ரங்கநாதன் தெரு முனையில் பைகளுக்கு ஜிப் மாற்றும் கடை அவருக்கு. கடைக் கத்தரிக்கோலால்தான் தீர்ந்துபோன பற்பசைக் குழாயைப் பிளந்து இன்னும் நாலு நாளைக்கு ஓட்டுவார். சாதம் முக்கால் வெந்ததும் அடுப்பை அணைத்து, பானை மேல் பழைய துண்டைப் போர்த்திவிடுவார். மிச்சம் சூட்டிலேயே வெந்துவிடுமாம். வெந்தும்விடும்.

ஒரு நாள் சோப்பை வாங்க வந்தபோது அவள் வம்புக்கு இழுத்தாள். "என் மேல தேஞ்சது உங்களுக்கு எதுக்கு? உங்களுக்குன்னு ஒண்ணு வாங்குறதுக்கு இன்னா?"

"என் மேலயும் தேயட்டுமே. அதுக்குத்தானே கேக்குறேன்" என்று சிரித்தார்.

அவள் வெட்கப்பட்டுக் குவளைத் தண்ணீரை அவர் மேல் விசிறினாள். தண்ணீர் வீணாகிறதே என்று அதற்கும் அலறினார்.

அஸ்மத்துன்னிசா பீரோவைத் திறந்தாள். வாசனைக்காகப் புடவைகளுக்கு நடுவே வைத்திருந்த சந்தன சோப்பை எடுத்து உறையைக் கிழித்தாள். இன்றைக்காவது அவர் உடம்பில் ஒரு புதுசு படவேண்டும்.

"நல்லா நுரை வர்ற மாதிரி தேய்ங்க பாய்."

"சரி ஆபா. நம்ம அண்ணன்தானே."

போர்வைக்கு அடியிலிருந்து வெள்ளையாக நுரை வழிந்து சாக்கடையை நோக்கி ஓடியது. குவளை குவளையாகத் தண்ணீர் விழும் சத்தம். பாத்து ஊத்துங்க என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. முக்காட்டுக்குள் பழைய சோப்பை இறுக்கிப் பிடித்தபடி நின்றாள்.

நண்பகல் தொழுகைக்குப் பிறகு ஜனாஸா கிளம்பிப் போனது. வீடு கழுவி முடித்த உம்மே ஹானி, சந்தன சோப்பைக் காகிதத்தில் பிடித்துக்கொண்டு வந்தாள். அவள் கண்களும் இப்போது சிவந்திருந்தன.

"மய்யித்துக்குப் போட்டது. எறிஞ்சிடலாமா? நீயும் நாலு மாசம் பத்து நாள் இத்தா இருந்து முடியிற வரைக்கும் வாசனை சோப்பு போடக் கூடாது. யாருக்கும் ஆவாது."

"குடுங்க ஆபா."

"எதுக்கும்மா?"

அஸ்மத்துன்னிசா சோப்பை வாங்கிக்கொண்டு குளியலறைக்குள் போனாள். சோப்பின் மேலிருந்த எழுத்துகூட இன்னும் அழியவில்லை. எவ்வளவு கொஞ்சமாகக் கரைந்திருக்கிறது!

ரசூலின் டப்பா அங்கே திறந்து கிடந்தது. சோப்பு தண்ணீரில் ஊறாமல் இருக்க அதன் குறுக்கே அவர் மாட்டியிருந்த ரப்பர் பேண்டுகள் அப்படியே இருந்தன. அவள் பழைய கட்டியைக் குழாயடியில் நனைத்தாள். அவர் அழுத்தி அழுத்தி அதன் நடுவே ஒரு குழி விழுந்திருந்தது. அதைப் புதுச் சோப்பின் முதுகில் பொருத்தி, குழிக்குள் தன் கட்டைவிரலை வைத்து, இரண்டும் ஒட்டிக்கொள்ளும் வரை அழுத்தினாள்.

பிறகு ரப்பர் பேண்டுகளின் மேல் வைத்து, காற்று படும்படி டப்பாவை ஜன்னலோரம் நகர்த்தினாள்.