தராசில் மிஞ்சிய பொடி

பன்றி இதயங்களை இறைச்சிக்கூடத்திலிருந்து வாளியில் வாங்கிவந்து, அரைத்து, வடித்து, கடைசியில் எமெஷேவுக்கு மிஞ்சியது ஒரு குடுவைக் கலங்கல். அதற்குள் டிரான்ஸ்அமினேஸ் என்ற நொதி இருந்தது. ஓர் அமினோ அமிலத்தின் நைட்ரஜனைக் கழற்றி வேறொன்றின் தலையில் கட்டுவதே அதன் பிழைப்பு. செகெட் நகர அலுவலகங்களில் அதே பிழைப்பு நடத்துகிறவர்கள் பலரை அவளுக்குத் தெரியும்.

கலங்கலை வெந்நீர்த் தொட்டியில் இறக்கினாள். சூட்டில் மற்ற புரதங்கள் திரிந்துவிடும். கீட்டோ அமிலப் பொடியைக் கலந்திருந்தால் இந்த நொதி மட்டும் பிழைக்கும். மாலைக்குள் பேராசிரியரிடம் அதை உயிரோடு காட்டாவிட்டால், காலியாக உள்ள ஒரே வேலை பக்கத்து மேசை ஜோம்பருக்கு. அவனுடையது நேற்றே தயார்.

"என்ன எமெஷே, மிளகாத்தூள் போடலயா? வாசனை தூக்குது!" என்றான் ஜோம்பர்.

"வாயை மூடு. இது உன் வீட்டுக் குழம்பு இல்ல."

குடுவையில் வெள்ளை வெள்ளையாகத் திரிந்தது. பனிக்கட்டியில் வைத்து ஆற்றி, வடிகட்டினாள். தராசைத் துடைக்கத் திரும்பினாள். மறக்கக் கூடாதென்று காலையிலேயே நிறுத்து வைத்த பொடி, நிறுவைக்கு மடித்த காகிதப் படகில் அப்படியே இருந்தது!

ஒரு சொட்டைக் கருவியில் விட்டாள். நொதி உயிரோடிருந்தால் வரைபேனா கீழே சரியும். பேனா நேர்கோடு போட்டது. இன்னும் நேர்கோடு.

பேனா சரிந்தது.

"எப்படி?" என்றாள்.

"காலையிலேயே உன் குடுவைல நான் பொடி போட்டுட்டேன்" என்றான் ஜோம்பர். "போன மாசமும் நீ மறந்த."

"சொல்லியிருக்கலாமே, தடியா!"

"சொன்னா கத்துவ."

"வேலை உனக்கு வந்திருக்குமே?"

"உன்னைத் தோக்கடிச்சு வாங்கினா பெருமை. காகிதப் படகு உன்னைத் தோக்கடிச்சு எனக்கு வேலை வந்தா ஊரே சிரிக்கும்."

கதவு திறந்தது. பேராசிரியர் காகிதத்தில் சரிந்திருந்த கோட்டைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"அருமை. கீட்டோ அமிலத்தைச் சரியான நேரத்துல போட்டிருக்கே, இல்லையா?"

ஆமாம் என்ற ஒரு சொல் போதும். எமெஷே வாயைத் திறந்தாள்.

"நான் போடல சார். மறந்துட்டேன். ஜோம்பர்தான் போட்டான்."

வேலை கைநழுவிப் போவது அவள் காதுக்கே கேட்டது. ஜோம்பர் தலையில் அடித்துக்கொண்டான்.

"எல்லாத்தையும் மறக்குறியே, இதையும் மறந்து தொலைச்சிருக்கக் கூடாதா?"